நிறமில்லாத நைட்ரேட்

பெங்களூரில் நீர் மாசு என்று பேச்செடுத்தால் எல்லோரும் பெள்ளந்தூர் ஏரியின் வெண்ணுரையைத்தான் சொல்கிறார்கள். நுரை கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்க முடிகிறது. உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வந்து நீரில் கரையும் நைட்ரஜன் சேர்மமான நைட்ரேட்டுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனாலேயே அது பேசப்படாமல் போகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நந்தி மலைப் பகுதியில் பிறந்து, இங்கே கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்றும் நம் தமிழ்நாட்டுப் பக்கம் தென்பெண்ணை என்றும் பெயர் பெறும் ஆறு, ஒசகோட்டையைக் கடந்து, வர்த்தூர் ஏரியின் உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குச் செல்கிறது. வழியில் அதன் நீரை நம்பிக் கீரையும் காய்கறியும் விளைகின்றன.

யூரியாவின் எடையில் 46 விழுக்காடு நைட்ரஜன். மண்ணின் நுண்ணுயிர்கள் அதை முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட களிமண் துகள்கள் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தம்மைப் போலவே எதிர்மின்னூட்டம் கொண்ட நைட்ரேட்டை விட்டுவிடும். பயிர் உறிஞ்சியது போக மீந்தது அடுத்த மழையிலோ பாசனத்திலோ கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் போய்விடுகிறது. நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தி விரயத்தைக் குறைக்கத்தான் 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டு வருகிறது. ஆனால் 45 கிலோ மூட்டை வரியும் வேப்பெண்ணெய்ச் செலவும் நீங்கலாக 242 ரூபாய்க்குக் கிடைக்கும்போது கை தாராளமாகத்தான் வீசும். அதற்காக விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமன்று.

ஏனெனில் நகரத்தின் பங்கும் பெரியது. கழிவுநீரில் காற்றைச் செலுத்திச் சுத்திகரிக்கும்போது அம்மோனியா நைட்ரேட்டாக மாறுகிறதே தவிர மறைவதில்லை. ஆக்சிஜன் இல்லாத தனிக் கட்டம் ஒன்று இருந்தால்தான் பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். அந்தக் கட்டம் இல்லாமல் வரும் நீரைப் பாய்ச்சுகிறவர், அதிலேயே ஓரளவு உரம் இருப்பதை அறியாமல் மேலும் ஒரு கை யூரியா இடுகிறார்.

கீரைப் பாத்தியின் கடைமடையில் குனிந்து பார்த்தால் விளைவு தெரியும். நீர் தேங்கும் இடத்தில் பாசி இழையிழையாகப் படர்ந்து, பகலில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும், அது ஆக்சிஜன். இரவில் அதே பாசி ஆக்சிஜனை உள்ளிழுக்கிறது; செத்து அழுகும் பாசியைத் தின்னும் பாக்டீரியாக்களும் மிச்சத்தைக் காலி செய்கின்றன. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இந்த மூச்சுத்திணறலால்தான். நன்னீரில் பெரும்பாலும் பாஸ்பரஸ் பற்றாக்குறையே பாசிக்குக் கடிவாளம். சாக்கடை அதையும் அள்ளிக் கொடுத்துவிட்டால் தடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பது இந்தியத் தர நிர்ணயம் வைத்த எல்லை. அதை மிஞ்சிய நீரில் பால்மாவு கலக்கிக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது; நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் கூடும்.

ஏரிக்கு நீர் வரும் வாயில் சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பு, நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்களுக்கு ஏற்ற இடம். ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று அதைப் புதரென எண்ணி வழித்தெடுத்து, கரைக்குக் கல் பதிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வாய்க்கால் ஓரத்தில் சில அடி அகலத்துக்குப் புல்லை விட்டுவைக்கவும், யூரியாவைப் பயிரின் பருவம் பார்த்துப் பிரித்து இடவும் பெருஞ்செலவு ஆகாது.