அழுதா ரோஸ், தூங்குனா நீலம்

என்ஐசியூல, அதாவது பச்சக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சை வார்டுல, நர்ஸா பதினோரு வருஷம் ஆச்சு. குழந்தை அழுதா போய் தட்டிக்கொடுக்கிறது கைக்கு பழகிப்போச்சு, ஆனா அன்னைக்கு அதுதான் தப்பு.

ராத்திரி டூட்டி. லேபர் வார்டுலேர்ந்து ஒரு பொம்பளப் பிள்ளைய தூக்கிட்டு வந்தாங்க, பிறந்து ஒரு மணி நேரம் இருக்கும். வீல்னு அழுறப்ப நல்லா ரோஸா இருக்கா, ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, சாச்சுரேஷன், 96. தட்டித் தூங்க வெச்சேன், வாய மூடுன கொஞ்ச நேரத்துல நெஞ்சு உள்ள இழுக்குது, உதடு நீலமாகுது, மானிட்டர் 70ன்னு காட்டி கத்துது. திரும்ப அழுதா, திரும்ப சிவந்துட்டா. ஹார்ட் பிரச்சனையோன்னு நெனச்சேன், ஆனா ஹார்ட்டால நீலமாகுற குழந்தைங்க அழுதாதான் இன்னும் நீலமாவாங்க, இது தலைகீழா இருந்துச்சு.

டூட்டி டாக்டர் மூக்குல டியூப் விட்டுப் பாக்கச் சொன்னாங்க. 6ம் நம்பர் ஃபீடிங் டியூப், 3 சென்டிமீட்டர் போய் சுவத்துல முட்டுன மாதிரி நின்னுடுச்சு, ரெண்டு பக்கமும். கோவேனல் அட்ரீசியா, மூக்கோட பின்வாசல் திறக்காமயே பிறக்கிறது. கிட்டத்தட்ட 7000 குழந்தைல ஒண்ணுக்கு வரும், பொண்ணுங்களுக்குதான் அதிகம். ஒரு பக்கம் மட்டும் அடைச்சிருந்தா வருஷக்கணக்குல தெரியாமகூட போகும், ஆனா பச்சக் குழந்தைக்கு மூக்காலதான் மூச்சு விடத் தெரியும், ரெண்டும் அடைச்சா அழுகைதான் அதுக்கு மூச்சு.

வெளிய அம்மா, "சிஸ்டர், அழ விடாதீங்க சிஸ்டர்"ங்கிறாங்க. "அழட்டும்மா, அழுதாத்தான் மூச்சு விடுறா"ன்னேன், சொல்லும்போதே எனக்கு தொண்டை அடைச்சுது.

வாய் திறந்தே இருக்க ஏர்வேங்கிற சின்னக் குழாய வாயில வெச்சு பிளாஸ்திரி ஒட்டி, பால வாய் வழியா டியூப்ல குடுத்தோம். இதோட ஹார்ட், கண்ணு, காதுல குறை சேர்ந்து வர்ற சார்ஜ் சின்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு, அதனால ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேனும் பாத்தாங்க, நல்லவேளை நார்மல். சிடி ஸ்கேன்ல எலும்பும் சவ்வும் கலந்து அடைச்சிருந்துச்சு.

முன்னாடி அண்ணத்தக் கீறித்தான் இந்த ஆபரேஷன நிறைய பண்ணுவாங்க, பின்னாடி பல்வரிசை, அண்ணம் வளர்றதெல்லாம் பாதிக்கும். இப்ப மூக்கு வழியாவே 2.7 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப், பேனா ரீஃபில் அளவுதான், அத விட்டு அடைப்ப திறந்து நடு எலும்போட பின்பக்கத்தையும் கொஞ்சம் எடுத்துடுறாங்க. தியேட்டர் ஸ்க்ரீன்ல அந்த சுவரு விலகி பின்னாடி தொண்டை தெரிஞ்சப்போ யாருமே பேசல.

திறந்த வழி மூடாம இருக்க ஸ்டென்ட்ங்கிற சின்னக் குழாய மூக்குல வெச்சு அனுப்பினாங்க, வெக்கணுமா வேணாமான்னு டாக்டர்களுக்குள்ளயே ரெண்டு கருத்து உண்டு. வெச்சா முழு பொறுப்பும் நர்ஸ் கையில, சலைன்ங்கிற உப்புத்தண்ணி விட்டு சளிய சக்‌ஷன் பண்ணிட்டே இருக்கணும், சளி காஞ்சு அடைச்சா பழைய கதைதான். எடுத்த பிறகும் வழி திரும்ப சுருங்கலாம், செக்கப்புக்கு வரணும்னு அம்மாகிட்ட நாலு தடவ சொல்லி வெச்சேன்.

ஸ்டென்ட் எடுத்த ராத்திரி பாப்பா வாய மூடிட்டு தூங்குறா, சத்தமே இல்ல. மானிட்டர் 98ன்னு காட்டுது, ஆனா எனக்கு மனசு கேக்கல. பஞ்சு நூல் பிச்சு மூக்குக்கிட்ட புடிச்சேன். ரெண்டு பக்கமும் ஆடுச்சு.