சுயேச்சையாக நின்றால் மைக் நம் பக்கம் திரும்புமா? வடசென்னை அனுபவம்

2024 மக்களவைத் தேர்தலில் வடசென்னைத் தொகுதியில் எங்கள் பகுதி அக்கா ஒருவர் சுயேச்சையாக நின்றார். எண்ணூர் குப்பத்துக்காரர். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகம் முழுக்கப் படர்ந்து, வலையும் படகும் கறுத்துப்போன பிறகு, இதைப் பற்றி யாராவது ஓட்டுக் கேட்கிற நேரத்தில் பேச வேண்டும் என்றுதான் இறங்கினார். நான் அவருக்குத் தேர்தல் முகவர். பத்திரிகைக்காரர்களிடம் பேசும் வேலையும் என் தலையில் விழுந்தது. அடுத்து நிற்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் மனு. சுயேச்சைக்கு முன்மொழிய அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். ஆனால் பத்துப் பேர்தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானதே முன்மொழிந்தவர்கள் கையெழுத்துப் பிரச்சினையில்தான். வட்டாரமே பார்த்த கதை அது. அதனால் ஒவ்வொருவரையும் வீட்டுக்கே போய்ப் பார்த்து, வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் சரிபார்த்து, எங்கள் கண் முன்னால் கையெழுத்து வாங்கினோம். படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். சொத்து இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு முந்தைய நாளுக்குள் தொடங்கிவிடுங்கள். டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

நாங்கள் மனுவோடு போனது மார்ச் 25. பங்குனி உத்திரம், நல்ல நாள் என்று பெரிய கட்சிகளும் அன்றைக்கே வந்துவிட்டன. மனு வாங்கும் மூலக்கொத்தளம் அலுவலகத்தில் யார் முதலில் தாக்கல் செய்வது என்று ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் வாக்குவாதம். அத்தனை கேமராவும் அங்கே போய்விட்டது. அன்று மாலை எல்லாச் சேனலிலும் அதுதான் ஓடியது. வரிசையில் நின்ற சுயேச்சைகள் யார், எதற்காக வந்தார்கள் என்பது ஒரு நொடிகூட வரவில்லை.

வெளியே வந்தபோது ஒரு கேமராமேன் மட்டும் நின்றார். "டெபாசிட்டைச் சில்லறையாக் கட்டினீங்களா?" என்று கேட்டார். இல்லை, நோட்டாகத்தான் கட்டினோம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "கழுத்துல வலையாவது போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே, விஷுவல் கிடைச்சிருக்கும்" என்றார். அக்கா சட்டென்று, "கையில மனு கீதே தம்பி, அத்த எடு" என்றார். அவர் எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேஷமில்லாத சுயேச்சை வேட்பாளரின் படத்தைக் கொண்டுபோனால் டெஸ்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சின்னம் ஒதுக்கியது மார்ச் 30. நாங்கள் முதலில் கேட்டது கிடைக்கவில்லை. தையல் இயந்திரம் வந்தது. ஏப்ரல் 17 மாலையோடு பிரசாரம் முடிந்துவிடும். கட்சிச் சின்னங்களுக்குப் பல வருட அறிமுகம் இருக்கிறது, சுயேச்சைக்கு இருப்பது இந்தச் சில நாட்கள்தான். நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. தூர்தர்ஷன், வானொலியில் இலவச நேரம் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும்.

இடையில் ஒரு யூடியூப் சேனலிலிருந்து போன். பேட்டிக்குப் 'பேக்கேஜ்' இருக்கிறதாம். பணம் கொடுத்து வாங்கிய பேட்டியைச் செய்தி மாதிரிப் போட்டாலும் அது விளம்பரச் செலவுதான். தேர்தல் ஆணையத்தின் ஊடகக் கண்காணிப்புக் குழு கண்டுபிடித்தால் வேட்பாளர் கணக்கில் ஏற்றிவிடும். டி.வி., சமூக ஊடக விளம்பரமென்றால் முன்கூட்டியே அந்தக் குழுவிடம் சான்று வாங்க வேண்டும். இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் போன் கட்.

அப்புறம்தான் வழி பிடிபட்டது. பெரிய சேனல்களுக்கு மெயில் அனுப்புவதை விட்டுவிட்டு, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் சுற்றும் பகுதி நிருபர்களைப் பிடித்தோம். அவர்களுக்கு வேட்பாளர் வேண்டாம், செய்தி வேண்டும். அதனால் "வேட்பாளர் இன்று வாக்குச் சேகரித்தார்" என்று எழுதுவதை நிறுத்தினேன். எந்தக் குப்பம், எத்தனை படகு, நிவாரணம் யாருக்கு வரவில்லை, யாரிடம் பேசலாம் என்று ஒரே பக்கத்தில், காப்பி செய்து ஒட்டிக்கொள்ளும்படி யூனிகோடில் டைப் செய்து, பக்கம் முடிப்பதற்கு வெகு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம். ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்தது. கழிமுகம் பற்றி நல்ல செய்தி. ஆனால் அக்கா பெயருக்குப் பதில் 'சுயேச்சை வேட்பாளர் ஒருவர்' என்று இருந்தது. எனக்குக் கோபம். அக்கா அதையே ஜெராக்ஸ் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார். அந்த ஜெராக்ஸ் காசையும் கணக்கில் எழுதச் சொன்னார்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஊடகம் பார்க்காவிட்டாலும், வேட்பாளர்களின் செலவைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். உச்சவரம்பு 95 லட்சம். நாங்கள் அதன் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை, ஆனாலும் டீ செலவு வரை பதிவேட்டில் இருக்க வேண்டும். பிரசார நாட்களில் மூன்று முறை பதிவேட்டைக் காட்ட வேண்டும். ஜூன் 4 முடிவு வந்தது. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்ப வரும், எங்களுக்கு வரவில்லை. தோற்றவர்கள் பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. முடிவு வந்து 30 நாளுக்குள் இறுதிக் கணக்கைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நாங்கள் கொடுக்கப் போன அன்று அந்த அலுவலகத்தில் ஒரு கேமராவும் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தது.