மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே

"தம்பி, இத மூக்குல அடிச்சா பையன் மூஞ்சியப் பாத்துப் பேசுவானாம். வாங்கலாமா?"

சுங்கை சிப்புட் பசாரில் பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டினார். ஆக்சிடோசின் ஸ்ப்ரே, ஆன்லைன் விற்பனை.

ஆட்டிசம் உள்ள அவர் மகன் அருகில் நின்று, மைலோ டின் மூடியைக் காதோரம் வைத்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரே தாளம், கொஞ்சமும் பிசகாமல். அழகாக இருந்தது.

ஆக்சிடோசின் மூளையில் உருவாகும் ஹார்மோன். பிரசவ வலி வரவைக்க மருத்துவமனையில் ஏற்றுகிறார்களே, அதேதான். விலங்குகளிடம் பாசப் பிணைப்பில் அதற்குப் பங்கிருப்பதைக் கண்டு, ஆட்டிசப் பிள்ளைகள் பழகவும் உதவுமா என்று தேடுகிறார்கள்.

அமெரிக்காவில் 290 பிள்ளைகள் சேர்ந்த 24 வார ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆக்சிடோசின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஸ்ப்ரே. பழகுவதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இன்னொரு ஹார்மோனான வாசோப்ரெசினைக் குறிவைத்த பாலோவாப்டன் மாத்திரையும் பெரியவர்களிடம் தேறவில்லை.

தேடல் தொடரட்டும், தொடர வேண்டும். ஆனால் ஆய்வில் தேறாததைத் தாய்மார்களிடம் காசாக்குகிறார்களே, வயிறு எரிகிறது.

"வேணாங்க்கா, அந்தக் காசு பேச்சுப் பயிற்சிக்கு ஆகும்" என்றேன். ஈப்போவுக்கு அடுத்த வாரம் நானே காரில் கூட்டிப்போகிறேன்.