தேதி கேட்ட நீதிமன்றம்

'டாய்ச்சஸ் ஹவுஸ்' ஜெர்மன் தொடரைப் பார்த்து முடித்தேன். 2023இல் வந்தது, ஐந்தே பகுதிகள். ஆங்கிலத்தில் 'தி இன்டர்ப்ரெட்டர் ஆஃப் சைலன்ஸ்' என்று தேடினால் கிடைக்கும். பிராங்பர்ட்டில் 1963 டிசம்பரில் தொடங்கிய ஆஷ்விட்ஸ் வழக்குதான் கதைக்களம்; போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் வேலை பார்த்தவர்கள் மீதான வழக்கு அது. போலந்திலிருந்து வரும் சாட்சிகள் சொல்வதை ஜெர்மன் மொழியில் சொல்ல ஏவா என்ற இளம்பெண் நீதிமன்றத்துக்குப் போகிறாள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் உணவகம் நடத்துகிறார்கள், போர்க்காலத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

ஒளிந்திருக்கும் நாஜிகளைத் தேடிப் பிடித்துச் சுடுகிற தொடர்களும் இருக்கின்றன. விறுவிறுப்பாகத்தான் போகும், ஆனால் எனக்கு மனம் ஒட்டவில்லை. உயிர் தப்பியவர்களுக்கு நிஜத்தில் நடந்தது வேறு. போர் முடிந்து பதினெட்டு வருடம் கழித்து, தங்களை வதைத்தவர்களின் நாட்டுக்கே திரும்பிப் போய், அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்து பேசினார்கள். எதிரே குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் ஒருவர் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் ஹாம்பர்க்கில் வியாபாரி, இன்னொருவர் மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் ஆண் செவிலியர்!

என்னை அதிகம் கோபப்படுத்தியது அந்த வழக்கு நடந்த சட்டம்தான். பழைய ஜெர்மன் கொலைச் சட்டப்படிதான் விசாரணை. மேலிடத்து உத்தரவுப்படி ஆயிரம் பேரை விஷவாயு அறைக்கு அனுப்பியவன் பெரும்பாலும் வெறும் 'உடந்தை', உத்தரவு இல்லாமல் தன் கையால் ஒருவரை அடித்துக் கொன்றவன்தான் கொலைகாரன். அதனால் ஒவ்வொரு கொலையையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல்கள் என்ன தேதி, எத்தனை மணி, எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்று சாட்சிகளைக் குடைகிறார்கள். முகாமில் அடைபட்டவனுக்குக் கடிகாரம் ஏது, காலண்டர் ஏது? தேதி தடுமாறினால் சாட்சியமே ஆட்டம் காணும்.

முகாம் மொத்தத்தையும் ஒரே குற்றமாகப் பாருங்கள், அதை இயக்கியவர்கள் எல்லாரும் அந்தக் கொலைகளுக்குப் பொறுப்பு என்பதுதான் வழக்கைக் கொண்டுவந்த அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பவரின் நிலைப்பாடு. அவரும் யூதர், 1933இல் நாஜிகளால் முகாமில் அடைக்கப்பட்டவர். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1965 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபோது 20 பேரில் 6 பேருக்கு ஆயுள் தண்டனை, 3 பேர் விடுதலை. முகாம் தளபதிக்கு உதவி அதிகாரியாக இருந்த முல்காவுக்கு 14 வருடம், உடந்தை என்ற கணக்கில். பவர் 1968இல் இறந்துவிட்டார். அவர் சொன்ன வழியில், சோபிபோர் என்ற இன்னொரு நாஜிக் கொலை முகாமில் காவலாளியாக இருந்ததே உடந்தைக்குப் போதும் என்று, அங்கே காவலாளியாக இருந்த டெம்யான்யுக் மீதான வழக்கில் மியூனிக் நீதிமன்றம் சொன்னது 2011இல்தான். அதற்குள் எத்தனை குற்றவாளிகள் வயதாகி, நிம்மதியாகப் படுக்கையில் செத்திருப்பார்கள்!

தொடரில் எனக்கு ஒரு குறை உண்டு. ஏவாவின் நிச்சயதார்த்தம், வருங்காலக் கணவனோடு சண்டை என்று நிறைய நேரம் போகிறது, சாட்சிகளோ வந்து பேசிவிட்டுக் காணாமல் போகிறார்கள். அவர்கள் அன்று இரவு எப்படித் தூங்கினார்கள், ஊர் திரும்பி என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன். ஆனால் ஏவாவின் அப்பா அதே முகாமில் நாஜிப் படையினருக்குச் சமைத்துப் போட்டவர் என்று தெரியவரும் பகுதியை மறக்கவே முடியாது. கதை பாதி தெரிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், அதற்காகவே பார்க்கலாம்.

அப்புறம், ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு ஒன்று: நீதிபதிகளின் உதவிக்காக அன்று பதிவு செய்த ஒலிநாடாக்கள் அழிக்கப்படாமல் தப்பித்தன, சுமார் 430 மணி நேரம். சாட்சிகளின் சொந்தக் குரலையே ஃபிரிட்ஸ் பவர் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கிறது.