பூம்பாறைப் பேருந்தில் ஒரு நிலைக்கண்ணாடி

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள், கடைப் பூண்டு வேண்டாம், பூம்பாறைக்கே போய் மலைப்பூண்டு வாங்கி வா என்று அம்மா சொல்லிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குக் குழம்பும் லேகியமும் செய்ய அந்தப் பூண்டுதான் என்பது எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து மாறாத வழக்கம். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டியபோது, "இது இப்பத்தான் தெரிஞ்சுச்சாமா?" என்று கேட்டவர் அம்மா.

திண்டுக்கல்லிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, வத்தலக்குண்டு வழியாக மலையேறிக் கொடைக்கானலை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் சந்தைக்கு வந்த மேல்மலைக் கிராமத்து மக்கள் பைகளோடும் மூட்டைகளோடும் பேருந்து நிலையத்தில் காத்திருந்தார்கள். பூம்பாறைப் பேருந்து வந்து நின்றதும் எல்லோருக்கும் முன்னதாக ஏறியது ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று. அதற்குப் பின்னால்தான் அதைத் தூக்கி வந்தவர் தெரிந்தார். அக்கா மகளுக்குச் சடங்கு, அந்தப் பிள்ளை வேறெதுவும் கேட்கவில்லை, முழு உருவமும் தெரிகிற கண்ணாடி மட்டும் கேட்டது என்று அவர் சொன்னதும், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் ஒதுக்கினார்கள். ஒரு மூதாட்டி தம் கம்பளியைக் கழற்றிக் கண்ணாடியின் கீழ்விளிம்புக்கு அணையாக வைத்தார். நடத்துநர் வந்து, கண்ணாடிக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்கு மட்டும் டிக்கெட்டா, இல்ல உள்ள தெரியுற அத்தனை பேருக்குமா?" என்று கேட்க, பேருந்தே சிரித்தது.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர். போகும் வழியில்தான் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-இல் ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்த இடம் அது. நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே ஒரே சூரியனை நாள்தோறும் பார்த்துப் படமெடுத்து வருகிறார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெரிய மரியாதை உண்டு. தினமும் பார்ப்பதையே மறுநாளும் அக்கறையோடு பார்ப்பது எளிய காரியமில்லை.

வளைவுகள் தொடங்கியதும் கண்ணாடி பேருந்தின் பொதுப் பொறுப்பாகிவிட்டது. இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கத்தில் இருந்தவர்களும், வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கத்தவர்களும் கை நீட்டித் தாங்கினார்கள். வளைவுக்கு முன்பே, "பிடிச்சுக்கங்க, வளைக்கிறேன்" என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார். கம்பளி கொடுத்த மூதாட்டிக்கு நேரெதிரே கண்ணாடி நின்றதால், அவர் தம் உருவத்தைத் தலை முதல் கால் வரை நெடுநேரம் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த தோழியிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏத்தா, நான் இம்புட்டுக் கெழவியாவா ஆயிட்டேன்?" தோழி சற்றும் யோசிக்கவில்லை. "நீ நல்லாத்தான்த்தா இருக்க. வண்டிதான் குலுங்குது."

இருவரும் தோளோடு தோள் இடித்துச் சிரித்தார்கள். நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதருக்கு வயதான காலத்தில் இப்படியொரு பதிலைச் சொல்லப் பக்கத்து இருக்கையில் ஆள் இருப்பதைவிடப் பெரிய பேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அதே நொடியில் பேருந்து திரும்பியது. கண்ணாடிக்குள் பூம்பாறையின் படிக்கட்டு வயல்களும், நடுவே நெருங்கி நின்ற வண்ண வீடுகளும் ஒரு வீச்சில் வந்து, அந்த இருவரின் தலைக்கு மேலாகச் சாய்ந்து, நழுவிப் போயின.

ஊரில் இறங்கியதும் முதலில் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனேன். அங்கே சொல்லப்படும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அருணகிரிநாதர் இங்கே தூங்கிக்கொண்டிருந்தபோது ஓர் அரக்கி அவரைக் கொல்ல வந்தாளாம்; முருகன் குழந்தையாகி அவர்மேல் ஏறி விளையாட, தாயும் பிள்ளையும் படுத்திருப்பதாக எண்ணி அவள் திரும்பிப் போய்விட்டாளாம். வேலை எடுத்து வீசியிருக்கலாம். அதை விடுத்து மடியில் தவழ்ந்தே ஓர் உயிரைக் காத்தவன் என்பதால்தான் அந்தப் பெயர் நிலைத்தது.

பூண்டு வாங்கிய வீட்டில், அடுப்புக்கு மேலே பரணிலிருந்து தாளோடு முடிந்த கட்டுகள் தொங்கின. புகையேறிய தோல் பழுப்பேறியிருந்தது. ஒரு பல்லை நகத்தால் கீறியதும் நெடி மூக்கில் ஏறியது. யாருக்கு என்று அந்த அம்மாள் கேட்டார். சொன்னேன்.

"அப்ப நீங்கதான் தாய்மாமனா? மாமன் வெல பேசக் கூடாது தம்பி."

நான் பேசவில்லை. எடை போட்டு முடித்தபின், கைநிறைய இன்னும் கொஞ்சம் அள்ளிப் பையில் போட்டு, "இது பாப்பாவுக்கு" என்றார். பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, இன்னும் பல்லே முளைக்கவில்லை என்றேன்.

"அதுக்கென்ன, பால் வழியாப் போயிரும்."

மாலையில் திரும்புவதற்கு நான் ஏறியபோது அதே பேருந்து, அதே நடத்துநர். கால்களுக்கிடையே பூண்டுப் பையை வைத்துக்கொண்டு, கண்ணாடி என்னவாயிற்று என்று கேட்கலாமா என நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, அவரே ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லத் தொடங்கினார்: "ஒரு கீறல் இல்லாமப் போய்ச் சேந்துருச்சு. ஆணி அடிச்சு மாட்டியாச்சாம்."