எப்சமில் நான் பார்த்த 2/5

லண்டன் பிரிட்ஜில் ரயில் ஏறி டாட்டனம் கார்னர் ஸ்டேஷனில் இறங்கினால் எப்சம் பந்தயத் திடல் நடக்கும் தூரம்தான். 1780-இல் தொடங்கிய டெர்பி குதிரைப் பந்தயம் இன்றும் அங்கேதான் ஓடுகிறது. திடலின் நடுவே இருக்கும் மேட்டில் டெர்பி அன்றும் இலவசமாக நிற்கலாம் என்பதால் நானும் அங்கே போய் நின்றேன்.

பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் வரிசையாகப் பலகை வைத்திருந்தார்கள். ஒரு குதிரைக்கு நேரே 2/5. ஐந்து பந்தயம் ஓடி இரண்டில் ஜெயித்திருக்கிறது போல, பாவம் சுமார் குதிரை, ஜெயித்தால் நல்ல காசு என்று நானாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு 10 பவுண்டு கட்டினேன். ஜெயித்தும் விட்டது! சீட்டைக் கொடுத்தால் கைக்கு வந்தது 14 பவுண்டு. மீதி எங்கே என்பது போல அங்கேயே நின்றேன்.

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இடது பக்க எண் புக்கி தரும் லாபம், வலது பக்க எண் நீங்கள் கட்டும் பணம். 2/5 என்றால் 5 கட்டினால் 2 லாபம், கட்டியதும் திரும்பி வரும். அதாவது நான் கட்டியது எல்லோரும் நம்பிய ஃபேவரிட்டின் மேல்! அதுவே 5/2 என்றால் 2 கட்டினால் 5 லாபம், மொத்தம் 7 கையில். அந்த 7-இல் 2 பங்கு, சுமார் 28.6 சதவீதம்தான் அந்த விலை, அதாவது பலகையில் உள்ள 5/2, சொல்லும் வெற்றி வாய்ப்பு. எல்லாக் குதிரைகளுக்கும் இப்படிக் கணக்குப் போட்டுக் கூட்டினால் நூறைத் தாண்டும், அந்த உபரிதான் புக்கியின் பிழைப்பு.

சரி, 6/4-ஐ ஏன் 3/2 என்று சுருக்கவில்லை? யாரும் சுருக்குவதில்லையாம், ‘சிக்ஸ் டு ஃபோர்’ என்றுதான் சொல்வார்கள். 11/8, 6/4, 13/8 என்று படிப்படியாக ஏறுவதைப் பார்த்தால் நடுவில் இருப்பது 12/8 என்று புரிகிறது. பணம் குவியக் குவிய அந்தப் படிகளில்தான் விலை இறங்குகிறது. நாம் கட்டும்போது பேசிய விலை மட்டும் நமக்கு மாறாது.

3/1-க்கும் 7/2-க்கும் நடுவே 100/30 என்று ஒரு விசித்திரமும் உண்டு. அடுத்த பந்தயத்தில் அதைத்தான் பிடித்தேன், 6 பவுண்டுக்கு 20 லாபம் என்று மனக்கணக்கே போட்டு. கணக்கு சரிதான். குதிரைதான் கடைசியாக வந்தது.