அடிக்கடி பறப்பவர்களிடம் பயணச் செயலி யோசனையைக் கொண்டுபோகும்போது

"தகவல் எங்கேயிருந்து வருது?"

வாரத்துக்கு நாலு விமானம் ஏறுகிறவரிடம் உங்கள் பயணச் செயலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். வடிவமைப்பு, ஏஐ எல்லாம் அவருக்கு அப்புறம். கேட் மாறினால் விமான நிறுவனத்தின் செயலிக்கு முன்னால் சொல்வீர்களா, பின்னால் சொல்வீர்களா, தப்பாகச் சொல்வீர்களா? இதற்குப் பதில் தயாராக இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

அவர்கள் கையில் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது. டிக்கெட் எடுத்த விமான நிறுவனத்தின் செயலி, பறக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் ஃப்ளைட்ரேடார்24, மின்னஞ்சலில் தேடிப் பார்க்கும் பழக்கம், காலண்டர். மின்னஞ்சலை அனுப்பினால் பயணத் திட்டமாக மாற்றித் தரும் டிரிப்இட் 2006லிருந்து இருக்கிறது. ஐபோன்காரர்கள் பலரிடம் விமானத்தைப் பின்தொடரும் ஃப்ளைட்டி இருக்கும். செயலிகள் செத்துப்போவதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கூகுள் டிரிப்ஸ் 2016இல் வந்து 2019இல் மூடப்பட்டது. ஆப் இன் தி ஏர் 2024இல் நின்றுபோனது. வருடக்கணக்கில் சேர்த்த பயணப் பதிவுகளைக் கோப்பாக இறக்கி வேறு இடத்துக்கு மாற்றி அலுத்துப்போனவர்கள் இவர்கள். அதனால் 'என் தரவை எப்போது வேண்டுமானாலும் சிஎஸ்வி (எக்செல் போன்றவற்றில் திறக்கும் அட்டவணை) கோப்பாக எடுத்துக்கொள்ளலாமா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். அந்தப் பொத்தான் முதல் பதிப்பிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பயணத்தைத் திட்டமிட உதவும் செயலி' என்று இவர்களிடம் போகாதீர்கள். எந்த விமானம், எந்த இருக்கை, எந்த ஓட்டல் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வருடத்துக்கு ஒருமுறை பறப்பவருக்குத் திட்டமிடுவதில் உதவி வேண்டும், ஆனால் அடுத்த பயணம் வருவதற்குள் உங்கள் செயலியை அவர் நீக்கியிருப்பார். அடிக்கடி பறப்பவர் செயலியை நீக்க மாட்டார், ஆனால் திட்டமிடும்போது அதைத் திறக்கவும் மாட்டார். அவர் திறப்பது பயணம் குலையும் நாளில். தாமதம், ரத்து, வழியில் மாறி ஏற வேண்டிய கனெக்‌ஷன் தவறுவது. அந்த ஒரு நாளைக்காகச் செயலியைக் கட்டுங்கள், அதை மட்டும் காட்டுங்கள்.

முதல் சிக்கல், விமானம் எப்படிச் செயலிக்குள் வருகிறது என்பது. மூன்று வழிகள் உண்டு, மூன்றிலும் ஓட்டை இருக்கிறது.

மின்னஞ்சலை உங்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்வது எளிது. ஆனால் விமான நிறுவனங்கள் மின்னஞ்சல் வடிவத்தைச் சொல்லாமல் மாற்றும். நேர மாற்றம் பற்றிய மின்னஞ்சலை இரண்டாவது பயணமாகப் பதிந்துகொள்ளும் செயலிகள் ஏராளம். ரத்தான பயணம் காலண்டரில் அப்படியே கிடக்கும். நிறுவனத்தின் டிராவல் டெஸ்க் அனுப்பும் பிடிஎஃப் இன்னொரு தலைவலி. இரண்டாவது வழியாக, ஜிமெயிலைத் தானாகப் படிக்க அனுமதி கேட்டால், கூகுள் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட அனுமதி என்று வைத்திருக்கிறது. வெளியார் செய்யும் பாதுகாப்புத் தணிக்கையை வருடாவருடம் தாண்ட வேண்டும். அதற்கான செலவும் வாரங்களும் உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக மின்னஞ்சலில் இந்த அனுமதியை ஐடி துறையே தடுத்துவிடும். இவர்களில் பெரும்பாலோர் அலுவலக மின்னஞ்சல்காரர்கள்.

மூன்றாவது வழி போர்டிங் பாஸின் பார்கோடை ஸ்கேன் செய்வது. எனக்குப் பிடித்த வழி இதுதான். விமான நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐயாட்டா வகுத்த ஒரே வடிவத்தை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பெயர், முன்பதிவுக் குறியீடான பிஎன்ஆர், புறப்படும் இடம், சேருமிடம், விமான எண், இருக்கை எல்லாம் அதில் உண்டு. ஆனால் கட்டாயப் பகுதியில் வருடம் கிடையாது. தேதி 1 முதல் 366 வரையான நாள் எண்ணாகத்தான் இருக்கும். ஜனவரியில் ஒருவர் 362 என்று வரும் பழைய பாஸை ஸ்கேன் செய்தால் அது போன வருட டிசம்பர் என்று நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். புறப்படும் நேரமும் அதில் இல்லை, அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும். பெயருக்கு 20 எழுத்துதான் இடம், நீளப் பெயர்கள் வெட்டுப்படும். முக்கியமாக, செக்-இன் முடிந்த பிறகுதான் பார்கோடே வரும். ஆகவே முந்தைய வாரமே பயணத்தைச் சேர்க்க விமான எண்ணும் தேதியும் மட்டும் கேட்கும் ஒரு எளிய படிவமும் வேண்டும்.

இங்கே ஒரு பாதுகாப்பு விஷயம். பல விமான நிறுவனங்களின் தளத்தில் பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் இருந்தால் போதும், முன்பதிவைத் திறந்து மாற்றவே முடியும். 'என் பிஎன்ஆரை எங்கே வைக்கிறீர்கள்?' என்று கேட்பார்கள். விமான நிலையைப் பார்க்க பிஎன்ஆர் தேவையே இல்லை. போனிலேயே படித்து, விமான எண், தேதி, இருக்கை தவிர மற்றதைச் சர்வருக்கு அனுப்பாமல் விடுவதுதான் சரி. பயண முகவரிடம் எடுத்த டிக்கெட்டுக்கு இரண்டு பிஎன்ஆர் இருக்கலாம் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்: அமடேயஸ், சேபர் போன்ற முன்பதிவு அமைப்பில் ஒன்று, விமான நிறுவனத்திடம் இன்னொன்று. முதலாவதை வைத்து விமான நிறுவனத்தின் தளத்தில் தேடினால் கிடைக்காது. கவுன்டரில் நிற்கும்போது உதவுவது 13 இலக்க டிக்கெட் எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும்.

அடுத்தது விமான நிலைத் தகவல். விமானத் தரவு விற்கும் ஃப்ளைட்அவேர், சிரியம், ஓஏஜி போன்றோரிடம் ஏபிஐ (அவர்கள் தரவை உங்கள் செயலி நேரடியாகக் கேட்டுப் பெறும் வழி) வாங்கலாம். வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் தவறுகள் தொடங்குகின்றன. ஒரு விமானத்துக்கு நான்கு நேரங்கள் உண்டு: கேட்டை விட்டு நகர்வது, தரையை விட்டு எழுவது, தரையிறங்குவது, கேட்டில் நிற்பது. இவற்றைக் குழப்பினால் பத்து, இருபது நிமிடம் தப்பும். ஒரே விமானத்தைப் பல நிறுவனங்கள் தங்கள் தங்கள் எண்ணில் விற்கும் கோட்ஷேரில் அதற்கு நாலைந்து எண்கள் இருக்கும். டிக்கெட்டில் இருப்பது ஒன்று, பலகையில் ஓடுவது வேறொன்று, கேட் தகவல் வருவது சில சமயம் விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் எண்ணுக்கு மட்டும். நேற்று இரவு 23:40க்குக் கிளம்ப வேண்டியது இன்று விடியற்காலை 02:00க்குக் கிளம்பினால், இன்றைய அதே எண் விமானத்தோடு சேர்த்துக் குழம்பும். அட்டவணையில் உள்ள புறப்படும் தேதியையே அடையாளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், உண்மையில் கிளம்பிய தேதியை அல்ல. எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமான யுடிசியில் சேமித்து, காட்டும்போது மட்டும் அந்தந்த ஊர் நேரமாக மாற்றுங்கள்.

'உங்கள் விமானம் இப்போது எங்கே இருக்கிறது' என்ற வசதி புதுமை இல்லை, ஃப்ளைட்டி அதைச் செய்கிறது. ஆனாலும் வேண்டும். உங்களுடையது 18:00க்குக் கிளம்ப வேண்டும், அதை ஓட்டப்போகும் விமானம் இன்னொரு ஊரிலிருந்து 15:40க்குத்தான் எழுகிறது, இரண்டு மணி நேரப் பறப்பு. தரையிறங்கவே 17:40. ஒரு சிறிய விமானம் ஆளை இறக்கி, ஆளை ஏற்ற 45 நிமிடம் என்று வைத்தாலும் 18:25க்கு முன் கிளம்ப வழியில்லை. பலகையில் மட்டும் 'சரியான நேரம்' என்றே இருக்கும். ஆனால் நிறுவனத்தின் தலைமை விமான நிலையத்தில் சும்மா நிற்கும் வேறு விமானத்தை மாற்றிவிட்டால் உங்கள் கணிப்பு பொய்யாகும். செயலியை நம்பி வெளியே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் விமானத்தைத் தவறவிடுவார். அதனால் 'தாமதமாகும்' என்று எழுதாதீர்கள். 'உங்கள் விமானம் இன்னும் வந்துசேரவில்லை, 17:40க்கு எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதுங்கள். முடிவை அவர் எடுத்துக்கொள்வார்.

இப்போது கனெக்‌ஷன். சந்தேகக்காரரை உட்கார வைக்கும் இடம் இதுதான், எனவே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். முதல் விமானம் 14:10க்கு வர வேண்டும், அடுத்தது 15:25க்குக் கிளம்பும். இடையில் 75 நிமிடம். அந்த நிலையத்தின் குறைந்தபட்ச இணைப்பு நேரம் 60 நிமிடம். முதல் விமானம் 25 நிமிடம் தாமதம். மிச்சம் 50. சாதாரணச் செயலி 'இணைப்பு தவறும்' என்று சிவப்பைக் காட்டிவிடும். ஆனால் அந்த 60 நிமிடம் டிக்கெட் விற்பதற்கான விதி, நடந்து கடக்க ஆகும் நேரம் அல்ல. அனுபவசாலி வேறு மாதிரி கணக்கிடுவார்: 14:35 என்பது கேட்டில் நிற்கும் நேரமா, தரையிறங்கும் நேரமா? கேட் என்றால், கதவு திறந்து பின்வரிசையிலிருந்து வெளியே வர 15 நிமிடம், 14:50. அடுத்த விமானத்தின் கேட் 15 நிமிடம் முன்னால், 15:10க்கு மூடும். கையில் இருப்பது 20 நிமிடம். தரையிறங்கும் நேரம் என்றால் ஓடுபாதையிலிருந்து கேட் வரை வர ஒரு 10 நிமிடம் போய்விடும், மிச்சம் 10 தான். இடையில் பாஸ்போர்ட் சோதனை உண்டா, மறுபடி பாதுகாப்புச் சோதனையா, டெர்மினல் மாற பஸ்ஸா? எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்? இருக்கை எண்தான் பார்கோடில் வந்ததே. இந்தக் கணக்கைத் திரையில் வரிவரியாகக் காட்டுங்கள், ஒவ்வொரு எண்ணையும் அவர் மாற்றிப்பார்க்க விடுங்கள். பச்சை, சிவப்பு வட்டத்தை நம்பாதவர்கள் திறந்து காட்டிய கணக்கை நம்புவார்கள்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா என்பதைச் செயலி கட்டாயம் கேட்க வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் பொதுவாகப் புது டிக்கெட்தான். இதை விட ஆபத்தானது ஒன்று உண்டு. ஒரு பகுதியில் ஏறாமல் விட்டால் அதே டிக்கெட்டில் மிச்சமுள்ள பகுதிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும், திரும்பி வரும் பயணம் உட்பட. 'வேறு விமானத்தில் இதோ மலிவாக ஒரு டிக்கெட்' என்று உங்கள் செயலி உற்சாகமாகச் சொல்லி, அதை வாங்கியவர் திரும்பும் டிக்கெட்டை இழந்தால் அவர் உங்களை மன்னிக்க மாட்டார். மாற்று விமானங்களின் பட்டியலை அட்டவணையிலிருந்து தரலாம். அதில் இடம் இருக்கிறதா என்பதை முன்பதிவு அமைப்புக்கான அணுகல் இல்லாமல் சொல்ல முடியாது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். விமான எண்ணும் நேரமும் மட்டும் இருந்தாலே, வரிசையில் நின்றபடி போனில் நிறுவனத்தைப் பிடித்து 'இதில் மாற்றிக் கொடுங்கள்' என்று கேட்க இவர்களுக்குத் தெரியும்.

நஷ்டஈடு பற்றி வசதி வைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில் 250, 400, 600 யூரோ என்று தூரத்தைப் பொறுத்துத் தொகை உண்டு. சேருமிடத்தில் மூன்று மணி நேரம் தாமதமாக வேண்டும், வந்துசேர்ந்த நேரம் என்பது விமானத்தின் ஒரு கதவாவது திறந்த கணம்தான் என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஏபிஐயில் இருப்பதோ கேட்டில் நின்ற நேரம். 2 மணி 58 நிமிடம் என்று அது காட்டும் இடத்தில் 'உங்களுக்குப் பணம் கிடையாது' என்று சொன்னால் தவறாகிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினால் எந்த நிறுவனமானாலும் விதி பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும்போது ஒன்றியத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கு மட்டும்.

பறக்கப் பறக்கச் சேரும் மைல்ஸ் புள்ளிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பீர்களா என்பது அடுத்த கேள்வி. கேட்காதீர்கள். பாதுகாப்பு ஒரு காரணம், விமான நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இன்னொரு காரணம். மைல்ஸில் கிடைக்கும் இருக்கைகளைத் தேடித் தந்த சீட்ஸ்.ஏரோ மீது 2023இல் ஏர் கனடா வழக்குத் தொடுத்தது. அனுமதியில்லாமல் தளத்தைச் சுரண்டி எடுக்கும் தரவின் மேல் நிறுவனம் கட்டினால், ஒரு வக்கீல் நோட்டீஸில் பாதி வசதிகள் நின்றுவிடும். அனுமதியோடு வாங்கும் தரவும் நிலையானது இல்லை: கூகுள் விமானக் கட்டணம் தேடித் தந்த தன் கியூபிஎக்ஸ் எக்ஸ்பிரஸ் ஏபிஐயை 2018இல் மூடியது. இரண்டாவது சப்ளையர் யார் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இருக்கட்டும்.

சந்திப்பை எப்படி நடத்துவது? ஒவ்வொருவராகச் சந்தியுங்கள். கூட்டமாக உட்கார வைத்தால் விமான நிறுவனத்தின் உயர்நிலை உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர் சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள். நிறுவனம் செலவு செய்பவர், சொந்தக் காசில் பறப்பவர், மைல்ஸ் சேர்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர் என்று கலந்து எடுங்கள். மூன்று பேருக்கும் தேவை வேறு. 'இப்படி ஒன்று இருந்தால் பயன்படுத்துவீர்களா?' என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். 'கடைசியாகக் கனெக்‌ஷன் தவறியபோது முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்தீர்கள்? எந்தச் செயலியைத் திறந்தீர்கள்?' என்று கேட்டு, சொல்லும் வரிசையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு வேண்டாம். அவர்களுடைய மோசமான நாள் ஒன்றின் விமான எண்ணையும் தேதியையும் முன்கூட்டியே வாங்கி, அந்த நாளை உங்கள் செயலியில் மறுபடி ஓட்டிக் காட்டுங்கள். எந்த நிமிடத்தில் உங்கள் எச்சரிக்கை போயிருக்கும் என்பதை, அவர் போனில் இன்னும் இருக்கும் விமான நிறுவனத்தின் எஸ்எம்எஸ் நேரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் ஒரு பொறி உண்டு. பழைய தரவில் பெரும்பாலும் கடைசி மதிப்பு மட்டுமே இருக்கும். கடைசியில் தெரிந்ததை முதலிலேயே தெரிந்ததுபோல் ஓட்டினால் உங்கள் செயலி மந்திரவாதியாகத் தெரியும், கூர்ந்து பார்ப்பவர் உடனே பிடித்துவிடுவார். எந்தத் தகவல் எத்தனை மணிக்கு மாறியது என்ற மாற்றப் பதிவோடு தரவு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இந்தக் காட்சியையே தவிர்த்துவிட்டு, அவர் அடுத்து ஏறப்போகும் விமானத்தை நேரலையில் பின்தொடருங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டு, செயலி கடைசித் தகவலையும் அது எப்போது வந்தது என்பதையும் காட்டுகிறதா என்றும் அவர் முன்னாலேயே திறந்து காட்டுங்கள்.

காசு விஷயம். ஒரு விமானத்தை 24 மணி நேரம் முன்பிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் 288 ஏபிஐ அழைப்பு. கடைசி நாலு மணி நேரம் மட்டும் அப்படிக் கேட்டு, அதற்கு முன்னால் மணிக்கு ஒருமுறை என்று வைத்தால் 68. மாற்றம் நடந்தால் தானாகச் சொல்லும் சேவை கிடைத்தால் இன்னும் குறையும். அதிகம் பறப்பவர்தான் உங்களுக்கு அதிகச் செலவு வைப்பவர், ஆகவே ஒருமுறை கட்டினால் வாழ்நாள் முழுக்க என்ற சந்தாவை இவர்களிடம் விற்காதீர்கள். ஆப் ஸ்டோரின் பங்கையும் கழித்துக் கணக்கிடுங்கள். சிறு நிறுவனங்களிடம் ஆப்பிள் பொதுவாக 15 சதவீதம் எடுக்கிறது.

சந்திப்பின் முடிவில் பாராட்டைக் கேட்காதீர்கள். ஒரு வருடச் சந்தாவை முன்பணமாகக் கட்டுவாரா, கட்டவில்லையென்றால் அடுத்த மூன்று பயணங்களைச் செயலியில் போட்டுவைப்பாரா என்று கேளுங்கள். போட்டுவைத்தால், விமானம் தாமதமான நாளில் விமான நிறுவனத்தின் செயலியைத் திறந்த பிறகு உங்களுடையதைத் திறந்தாரா, அதற்கு முன்பே திறந்தாரா என்று மறுநாள் போன் செய்து விசாரியுங்கள்.